மூன்றாவது ஹூட்

சுருளிராஜனுக்குப் பேச வராது என்று சொன்னால் கம்பத்தில் ஒருத்தர்கூட நம்ப மாட்டார். குமுளி ரோட்டில் அவருடைய ஜீப் பட்டறையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு முதலில் கேட்பது சுத்தியல் சத்தம் அல்ல, அவர் குரல்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற டிரைவர்களை வரிசையாக நிற்க வைத்து வைவார். எட்டுப் பேர் போகிற வண்டியில் பதினெட்டுப் பேரை அடைத்தால் ஸ்பிரிங் பட்டை உடையாமல் பூவா பூக்கும் என்று கேட்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ராஜாத்தி வந்து நின்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. "ம்", "சரி", "அங்கன வையி". இதற்கு மேல் ஒன்றும் வராது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆளுக்கு இப்படி ஆகலாமா என்று கேட்டால், ஆகக் கூடாதுதான். ஆகிவிட்டது, என்ன செய்ய?

ராஜாத்தி ஜீப்புகளுக்கு ஹூட், அதாவது மேலே மூடுகிற கூரைத் துணி, தைக்கிறவள். கடைவீதியில் ஒரு சின்னக் கடை, அதில் கனத்த துணி தைக்கிற பெரிய மெஷின் ஒன்று. குடித்துவிட்டு அடித்த புருஷனை வேண்டாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து அந்த மெஷினில் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் தைத்த ஹூட் ஒழுகியது என்று மலையேறுகிற எந்த டிரைவரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருக்கட்டுமே, அவள் கை, அவள் திமிர்.

ஊரிலுள்ள ஆண்களையெல்லாம் அவள் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவாள். அவளைவிட இளைய டீக்கடைக்காரன்கூட அவளுக்கு அண்ணன்தான். சுருளிராஜனை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. வந்ததும் நேராக விஷயத்தில் பேச்சைத் தொடங்கிவிடுவாள். இதைச் சுருளிராஜன் எப்போதோ கவனித்துவிட்டார். மனைவி சொர்ணலதா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் திரிஷாவைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்க அவருக்குத் தைரியம் கிடையாது.

அப்படி இருந்தபோதுதான் அந்தக் கார் வந்தது.

போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கிற ஜாஸ்பர் அதை ஒரு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்கிற இங்கிலாந்துக் கார். இரண்டே இரண்டு சீட்டு, தலைக்கு மேலே வெறும் ஆகாயம். நிமிர்ந்து நின்றால் மனுஷன் இடுப்புக்குத்தான் வரும். மேகமலை எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது ஜாஸ்பரின் அப்பாவிடம் விட்டுப் போன வண்டி. அப்பா காலத்துக்குப் பிறகு மண்டியின் பின்கொட்டகையில் சாக்குகளுக்கு நடுவே கிடந்து, துருவோடு ஏலக்காய் வாசனையும் ஏறிப்போயிருந்தது.

"என் மக மகிமாவுக்கு ஜனவரியில கல்யாணம்," என்றார் ஜாஸ்பர். "சர்ச்சுல இருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் இதுலதான் வீட்டுக்கு வரணும். முடியுமா சுருளி?"

"ஜீப்பு பாக்குறவன்கிட்ட இதைக் கொண்டாந்திருக்கீகளே," என்று சுருளிராஜன் சலித்துக்கொண்டார். ஆனால் கை அதற்குள் பானெட்டைத் தூக்கிவிட்டது. அது மற்ற கார்கள் மாதிரி திறக்கவில்லை. இரண்டு பக்கத்து மட்கார்டும் முன்விளக்கும் சேர்ந்து முகம் முழுதுமாக முன்பக்கம் சாய்ந்தது. உள்ளே எஞ்சினைச் சுற்றி ஒரு ஆள் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்க இடம் இருந்தது. சுருளிராஜனின் மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

பார்க்கப் பார்க்க இன்னொன்றும் தெரிந்தது. மெட்ராஸில் ஒரு காலத்தில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கும் இதற்கும் அடியில் ஒரே எலும்பு. அவருடைய ஆரம்பகாலத்தில் ஹெரால்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தவர் அவர். மதுரையில், கோயம்புத்தூரில் என்று பழைய இரும்புக் கடைகளில் புகுந்து புகுந்து சாமான் எடுத்து வந்தார். தெரியாததற்கு, இங்கிலாந்துக்காரர் ஒருவர் போடுகிற வீடியோக்களைப் பார்த்தார். முன்சக்கரம் திரும்புகிற இடத்தில் ஒரு பித்தளை உருப்படி. ஜீப்பென்றால் கிரீஸ் அடித்துவிட்டுப் போகலாம். இதற்குக் கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்று அந்த ஆள் காட்டியபோது, அவருக்கு இவர் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

எஞ்சின் உறுமியது. துரு போனது. பச்சை பெயிண்டு ஏறியது. சீட்டும் ஹூட்டும் தைக்க ஆள் வேண்டும் என்று ஜாஸ்பர் கேட்டபோது, "கம்பத்திலேயே ஆள் இருக்காக," என்று சுருளிராஜன் சொன்ன வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ராஜாத்தி வர ஆரம்பித்தாள். சீட்டு, கதவுக்கு உள்பக்கத்து ரெக்சின், காலடியில் கார்பெட் என்று ஒவ்வொன்றாக முடித்தாள். கவிழ்த்துப்போட்ட ஆயில் டின்னில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேசுவாள். உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் பந்தலுக்கு மேலே போட ஹூட் துணி கேட்ட கதை, டிரைவர்கள் வேலை முடிகிற வரை தேனாய்ப் பேசிவிட்டு அப்புறம் காசு கேட்டால் ஊமையாகிற கதை. சுருளிராஜன் "ம்" கொட்டுவார். அந்த "ம்"மிலேயே அவருக்குப் பொழுது இனித்தது. ஒரு நாள் திரிஷா போனில் கேட்டேவிட்டாள்: "யாருப்பா அந்த ராஜாத்தி? சாப்பிட்டீகளான்னு கேட்டா அவுக பேரைச் சொல்றீக, மழை பெஞ்சுச்சான்னு கேட்டா அவுக பேரைச் சொல்றீக." சுருளிராஜன் சிக்னல் சரியில்லை என்று போனை வைத்துவிட்டார்.

கடைசியில் ஹூட் மட்டும் பாக்கி. கம்பிச் சட்டத்தை அவர் பொருத்திக் கொடுக்க, ராஜாத்தி டேப்பைப் பிடித்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு போனாள். "நாளான்னிக்குக் கொண்டாந்து மாட்டிர்றேன். அதோட என் வேலை முடிஞ்சது," என்றாள்.

முடிந்தது என்ற அந்த ஒரு சொல் சுருளிராஜனின் காதிலேயே நின்றது. அவள் போன பிறகு வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தக் காரியத்தைச் செய்தார். ஹூட்டின் கம்பிச் சட்டம் வண்டியில் உட்காருகிற இடத்தில், இரண்டு பக்கமும் போல்ட்டைக் கழற்றி, அடியில் வாஷர் தகடுகளை அடுக்கி, திரும்ப முறுக்கிவிட்டார். சட்டம் கொஞ்சூண்டு உயர்ந்தது. பார்த்தால் தெரியாது.

ராஜாத்தி ஹூட்டைக் கொண்டுவந்து விரித்தாள். பின்பக்கம் பட்டன்கள் பிடித்தன. முன்பக்கத்தை இழுத்தால், முன்கண்ணாடியின் மேல்விளிம்புக்கு ஒரு இஞ்ச் எட்டவில்லை.

அவள் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தாள். சட்டத்தை அவள் சந்தேகப்படவே இல்லை. அந்தத் தொழிலில் அப்படித்தான். இரும்பு மெக்கானிக்குடையது, துணி தைக்கிறவளுடையது. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கை வைப்பது மரியாதை இல்லை. "எங்கிட்டதான் தப்பு," என்று மறுபடி அளந்துகொண்டு போனாள். சுருளிராஜன் வாஷர்களை எடுத்துவிட்டார். இரண்டாவது ஹூட் வந்தது. இந்தத் தடவை தொளதொளவென்று தொங்கியது. அவள் முகம் சுருங்கிப்போனது. இன்னொரு தடவை அளந்தாள். அவர் இன்னொரு தடவை வாஷரைப் போட்டார். மூன்றாவது ஹூட்டும் எட்டவில்லை.

அட, மனுஷா. பேச வாயில்லாதவனுக்குத் திருட்டு வேலை மட்டும் எப்படி வருகிறது பாருங்கள். அவள் இன்னும் நாலு நாள் வருவாள் என்பது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. டிரைவர்கள் கடைவாசலில் நின்று, "என்னக்கா, வெள்ளைக்காரன் வண்டி அளவு பிடிபடலையா?" என்று சிரித்ததோ, முதல் தடவை அவர்களோடு சேர்ந்து சிரித்தவள் அப்புறம் சிரிக்காமல் போனதோ அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது ஹூட் தவறிப்போன மறுநாள் மத்தியானம் ராஜாத்தி வந்தாள். டேப்பும் இல்லை, சாக்பீஸும் இல்லை. மூக்கில் புதுக் கண்ணாடி.

"தேனியில கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்," என்றாள். "கண்ணு நல்லாத்தான் இருக்காம். வயசுக்கு உள்ளதுதான்னு ஒரு கண்ணாடி குடுத்திருக்காக. அப்ப கண்ணு போகல. கைதான் போயிருச்சு."

"கையெல்லாம் போகல," என்றார் சுருளிராஜன்.

"நீங்க நல்ல மனசுல சொல்றீக. மூணு தடவை துணியை வீணாக்கியும் ஒரு தடவை மொகம் சுளிக்கல நீங்க. வேற ஆளா இருந்தா எப்பவோ வண்டியை மதுரைக்கு அனுப்பியிருப்பாக." அவள் ஆயில் டின்னில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள். "ஜாஸ்பரண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மதுரையில நல்லாத் தைக்கிறவுக இருக்காக. என்னைய மன்னிச்சுக்கங்க. திருப்பூர்ல தம்பி ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. அளக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். பாத்து மடிச்சு வச்சாப் போதும். மெஷினைக் கேட்டு வெள்ளிக்கிழமை ஒருத்தர் வாராரு."

சுருளிராஜனிடம் போய் அவள் மன்னிப்புக் கேட்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் போய்விடுவாள், தன் கையைத் தானே வெறுத்துக்கொண்டு போவாள். வாயைத் திறந்தால் இவரை வெறுத்துவிட்டுப் போவாள். எப்படியும் போகத்தான் போகிறாள். போகிறவள் தன் கையையாவது கொண்டுபோகட்டும் என்று தோன்றியது.

ஸ்பானரை எடுத்தார். வண்டி மேலேயே கிடந்த மூன்றாவது ஹூட்டுக்கு அடியில் கையை விட்டு, வலது பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்தி வாஷர்களை உருவினார். அப்புறம் இடது பக்கம். இரண்டையும் முறுக்கினார். "முன்பக்கத்தை இழு," என்றார்.

அவள் இழுத்தாள். துணி வந்து கண்ணாடிச் சட்டத்தின் மேலே உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. பட்டன்கள் டக் டக்கென்று விழுந்தன.

ராஜாத்தி தையலோரமாக விரலை ஓட்டிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவர் உள்ளங்கையில் இருந்த வாஷர்களைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது எப்ப இருந்து?"

"மொத ஹூட்டுல இருந்து."

"மூணு தடவையுமா?"

"ம்."

"ஏன்?"

சுருளிராஜன் வாஷர்களையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வேலை முடிஞ்சிருச்சுன்னா நீ வரமாட்டியே."

எவ்வளவு நாளாகத் தொண்டையில் கிடந்த பேச்சு அது. வெளியே வருகிற நேரமா இது? ராஜாத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். கண் நிறைந்திருந்தது.

"எங்கையை நானே வெறுத்துட்டேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள். "இந்த வெரலை வச்சுத்தான் நான் பொழச்சேன். இது ஏமாத்திருச்சுன்னு நெனைச்சு அழுதேன்." மேலே என்னவோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். "சரிண்ணே. நான் வாரேன்."

அண்ணே. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். காறித் துப்பியிருந்தால்கூடத் துடைத்துக்கொண்டிருப்பார். ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆளையும் அவள் அண்ணன்மார் வரிசையில் சேர்த்துவிட்டுப் போனாள். சுருளிராஜன் அந்த ஆயில் டின்னில் உட்கார்ந்து, ஒரு பாட்டம் அழுதார். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

அவள் எப்படியும் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், நாளைக்குப் பட்டறை வாசலில் நின்று டிரைவர்கள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வியாழக்கிழமை பிரேக் சரி பண்ண வந்த ஜீப் டிரைவர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "பாவம்ணே ராஜாத்தியக்கா. அந்தக் காருல தோத்துட்டோம்னு மனசு விட்டுப்போச்சு போல. நாளைக்கு மெஷினை வித்துட்டுத் திருப்பூர் போறாகளாம்."

"அவுகளே சொன்னாகளா?"

"கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாக. ஆமான்னு தலையை ஆட்டுறாக."

சுருளிராஜன் ஸ்பானரைக் கீழே வைத்தார். அவள் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. கெட்ட பெயரைத் தானே தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறாள். அவளை வரவைக்க இத்தனை திருட்டு வேலை பார்த்தோமே, ஒரு நாளாவது நாமாக அவள் கடை வாசலுக்குப் போனதுண்டா என்று யோசித்துப் பார்த்தார். போனதில்லை. அந்த யோசனை அவரைத் தூங்கவிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மலையை மறைத்துக்கொண்டு மழை இறங்கியது. பெயிண்டு போட்ட வண்டியை மழையில் எடுக்க அவருக்கு மனசே வராது. வேறு நாளாக இருந்தால் யாராவது எடுத்தால் கையை உடைத்திருப்பார். அன்றைக்கு ஹூட்டைப் போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டி, ஸ்பிட்ஃபயரைக் கிளப்பினார். நேராகப் போகாமல், வேண்டுமென்றே ஊரைச் சுற்றி, நல்ல மழைக்குள் விட்டு ஓட்டிக்கொண்டு கடைவீதிக்குள் நுழைந்தார். பச்சை வண்டி உறுமிக்கொண்டு ஜீப்புகளுக்கு நடுவே வருவதைப் பார்த்து, டீக்கடையில் ஒதுங்கியிருந்தவர்களெல்லாம் எழுந்து வந்தார்கள்.

ராஜாத்தியின் கடை திறந்திருந்தது. மெஷினை வாங்க வந்த ஆள் அதன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாத்தி சுவரோரமாக நின்றிருந்தாள்.

சுருளிராஜன் இறங்கி மழையிலேயே நின்றார். அவருடைய பழைய குரல், டிரைவர்களை வைகிற குரல், எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இந்த ஹூட்டு மொதத் தடவையே சரியாத்தான் இருந்துச்சு. ராஜாத்தி எடுத்த அளவுல ஒரு நூல் தப்பு கிடையாது. நான்தான் அடியில வாஷரைப் போட்டுச் சட்டத்தைத் தூக்கி வச்சேன். மூணு தடவையும் நான்தான். மழைக்குள்ள ஊரைச் சுத்திட்டு வாரேன். உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருந்தா எம்பேரை மாத்திக்கிறேன். யாரு வேணும்னாலும் கையை விட்டுப் பாத்துக்கங்க."

நேற்று பிரேக் சரி பண்ண வந்த டிரைவர்தான் கேட்டார்: "நீங்க எதுக்குண்ணே அப்படிச் செஞ்சீக?"

"அதைச் சொல்ல வேண்டியவுககிட்டச் சொல்லியாச்சு."

இரண்டு மூன்று பேர் குனிந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். சீட்டு உலர்ந்துதான் இருந்தது. ஒருவர் ஹூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அதானே, அக்கா கையாவது தப்புறதாவது," என்றார். ராஜாத்தி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். ஒருத்தரையும் பார்க்காமல் காரின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். தையலை உள்ளேயிருந்து பார்க்க வேண்டுமல்லவா? சுருளிராஜன் சொட்டச் சொட்ட நனைந்தவர், சீட்டு ஈரமாகுமே என்று தயங்கி, பிறகு அவரும் ஏறிக்கொண்டார்.

கதவை மூடியதும் தெருச் சத்தம் நின்றுபோனது. தலைக்கு மேலே துணியில் மழை விழுகிற சத்தம் மட்டும். இவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததே இல்லை. கியரைப் பிடித்தால் அவள் சேலையில் இடிக்கும்போல இருந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

ராஜாத்தி ஒவ்வொரு மூட்டாக விரலால் அழுத்திப் பார்த்தாள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ஊருக்கு முன்னால இப்படிச் சொல்லிட்டீகளே. இனி உங்க வேலையை எவன் நம்புவான்?"

"நம்புறவன் நம்பட்டும். உம் பேரு கெட்டுச்சே."

"வேலையைக் கெடுத்துத்தான் ஒருத்தியை வரவைப்பாகளா? வான்னு கேக்க வாய் இல்லையா உங்களுக்கு? நான் எத்தனை நாள் அந்த டின்னுல உக்காந்து இருந்தேன். ஒரு வார்த்தை கேப்பீகன்னு."

சுருளிராஜனுக்கு இது புதுச் சேதி. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இன்னும் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் கேட்டார்.

"நாளைக்குக் காலையில ஜாஸ்பர் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிருவாரு. அதுக்கப்புறம் பட்டறையில உனக்கு ஒரு வேலையும் கிடையாது. தைக்கவும் ஒண்ணுமில்ல, அளக்கவும் ஒண்ணுமில்ல. இருந்தாலும் நீ வரணும், ராஜாத்தி. தெனமும் வரணும். வாரியா?"

ராஜாத்தி பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். மெஷினை வாங்க வந்த ஆள் கடைவாசலில், பாதி மழையிலும் பாதி கூரைக்கு அடியிலுமாக, என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அந்தாளு பாவம், நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாரு," என்றாள். "மெஷினு விக்கிறதுக்கில்லன்னு போயிச் சொல்லிட்டு வாங்க."

சுருளிராஜன் கதவைத் திறந்து ஒரு காலை மழைக்குள் வைத்தார். பிறகு சந்தேகம் வந்து திரும்பினார். "நீ?"

"சொல்லிட்டு வாங்க," என்றாள் ராஜாத்தி. "நான் இங்கனதான் இருப்பேன்."